சாமி பார்த்தால் போதும் என்று வாழப் பழகுவது எப்படி

எங்கள் குலதெய்வக் கோயிலில் குடமுழுக்கு நடந்து, 48 நாள் மண்டல பூசையும் நிறைவுற்ற பிறகு, உபயதாரர்களின் பெயர்களைப் பொறித்த கருங்கல் பலகை ஒன்றை முன்மண்டபச் சுவரில் பதித்தார்கள். முதல் வரிசையில் இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்த என் பெயர் மூன்றாவது வரிசையின் அடியில் இருந்தது. என் தந்தையார் பெயரின் முன்னெழுத்தும் பிழையாகச் செதுக்கப்பட்டிருந்தது. நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு ஏறத்தாழ எட்டு மாத காலம், கோயிலுக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் கருவறைக்குப் போவதற்கு முன் அந்தக் கல்லுக்குப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனை கண்டு, திருநீறும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு, அம்மனுக்கு அன்று என்ன நிறத்தில் புடவை சாத்தியிருந்தார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லில் இருந்த பிழை மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவில் இருந்தது. அந்தப் பணத்தை நான் யாருக்குக் கொடுத்தேன் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் எழுந்தது.

அந்தக் கேள்வியோடு சில ஆண்டுகள் பழகியதில் எனக்குக் கைகொடுத்த வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன். கோயில் பணியிலும் தானதருமத்திலும் ஊர்ப் பொதுக் காரியங்களிலும் ஈடுபட்டிருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஏனென்றால் புகழின் மீதுள்ள ஆசை, ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருப்பவரை விட, நல்ல காரியத்தில் முன்னால் நிற்பவரைத்தான் எளிதில் பிடித்துக்கொள்கிறது.

கொங்கு நாட்டில் வாழும் நமக்கு இந்தப் பழக்கம் சற்றுக் கூடுதலாகவே கடினமானது என்பது என் எண்ணம். நம் பேச்சிலேயே மரியாதை ஊறியிருக்கிறது. இடுப்பில் இருக்கும் குழந்தையைக் கூட 'வாங்க சாமி', 'சாப்பிடுங்க கண்ணு' என்று கூப்பிடுகிற ஊர் நம்முடையது. சீர் யார் செய்வது, கோயில் நோம்பியில் (திருவிழாவில்) முதல் தேங்காய் யாருடையது, பரிவட்டம் எந்தக் குடும்பத்திற்கு முதலில் கட்டுவது என்பவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்த வழக்கங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவற்றால்தான் ஊர் ஊராக இருக்கிறது. ஆனால் பிறருக்குக் கொடுக்கிற மரியாதை மனத்தை இளக்குவது போல, பிறரிடமிருந்து எதிர்பார்க்கிற மரியாதை மனத்தை இறுக்கிவிடுகிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, நாம் எதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நேர்மையாகக் கண்டுகொள்வது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வேலையைச் செய்து முடித்த அடுத்த நொடியில் நம் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். அன்னதானத்தில் இலை எடுத்துக் கை கழுவிய பிறகு, பார்த்தவர் யாராவது உண்டா என்று கண் தேடுகிறதா, அல்லது அடுத்த பந்திக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று தேடுகிறதா? யாரும் இல்லாத நேரத்தில் அதே வேலையை அதே பொறுமையோடு செய்கிறோமா? வேறொருவருக்குப் பாராட்டு கிடைக்கும்போது நெஞ்சுக்குள் சிறிய முள் ஒன்று தைக்கிறதா? இந்த மூன்றையும் ஒரு மாதம் கவனித்தால் போதும். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. விளக்கேற்றிய பிறகு சாமி முன்னால் உட்கார்ந்து அன்றன்றைக்கு நினைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது, கொடுக்கும் தொகையை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யாமல் வீட்டிலேயே முடிவு செய்வது. கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. வேப்பமரத்தடியில் மைக் வைத்து, ஒவ்வொருவர் பெயராக வாசித்து, இவர் 25,000 ரூபாய் என்று அறிவித்தவுடன், 10,000 என்று நினைத்துக்கொண்டு வந்தவர் 30,000 என்று சொல்லிவிடுவார். அந்த 20,000 ரூபாயைச் சாமிக்கு என்று சொல்லக் கூச்சப்பட வேண்டும். அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்காகக் கொடுத்தது. அதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன். எனவே கூட்டத்திற்கு முந்தின நாள், கணவனும் மனைவியும் உட்கார்ந்து, விதை, உரம், தறிக் கூலி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, மனமுவந்து கொடுக்கக்கூடிய தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் வரி என்று ஊர் வகுத்திருப்பதை அதற்குரிய ரசீதோடு முறையாகக் கட்டிவிடுங்கள், அது கடமை. அதற்கு மேல் கொடுக்க விரும்புவதை உண்டியலில் போடுங்கள். உண்டியலுக்கு யார் போட்டார்கள் என்பதும் தெரியாது, எவ்வளவு போட்டார்கள் என்பதும் தெரியாது. முதல் முறை அப்படிப் போட்டுவிட்டு வெளியே வரும்போது எனக்கு ஏதோ இழந்தது போல இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இழந்தது பணம் இல்லை, அதற்குப் பதிலாகக் கிடைக்க வேண்டிய ஒரு தலையசைப்பு. அந்த இழப்பை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது வழிமுறையைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலானதாகக் கருதுகிறேன்: யாருக்கும் தெரியாத பணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைத் தவறாமல் செய்வது. அது சிறியதாக இருக்க வேண்டும், நாள்தோறுமோ வாரந்தோறுமோ செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், செய்யாவிட்டால் குறை தெரிய வேண்டும், ஆனால் செய்தால் யார் செய்தது என்று கேட்கத் தோன்றாததாக இருக்க வேண்டும். மண்டபத்துத் தூண்களின் பின்பக்கம் படியும் விபூதி குங்குமக் கறையைத் துடைப்பது, கால் கழுவும் தொட்டியில் பாசியைச் சுரண்டுவது, தோட்டத்திலிருந்து வில்வமும் அரளியும் பறித்து நடை திறப்பதற்கு முன் படியில் வைத்துவிட்டு வருவது போன்றவை அதற்கு ஏற்றவை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊரில் இருந்த ஒரு மூதாட்டி. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் ஒருநாள், போர்வெல் மோட்டார் போடுவதற்காக எழுந்தவன், கோயிலில் விளக்கு வெளிச்சம் தெரியவே எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பித்தளைக் குத்துவிளக்கைத் தண்டு வேறு, தட்டு வேறு, அன்னம் வேறு எனக் கழற்றிச் சாக்கின் மீது பரப்பி வைத்திருந்தார். ஊறவைத்த புளியைக் கையில் பிழிந்து, சலித்த சாம்பலைத் தொட்டு, திரி எரியும் குழிவுக்குள் கட்டைவிரலை விட்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்டின் திருகு மரைக்குள் போன கறுப்பை எடுக்க, நுனியை நசுக்கிய வேப்பங்குச்சி ஒன்று வைத்திருந்தார். அந்தத் திருகு மரை, விளக்கை மறுபடியும் மாட்டிவிட்டால் எவர் கண்ணுக்கும் படாது. இதையெல்லாம் யார் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஆரு சொல்லோணும் கண்ணு, பிசுக்கு இருந்துச்சு, தேச்சேன்" என்றார். பூசாரியிடம் பிறகு கேட்டபோது, விளக்கை யார் துலக்குகிறார்கள் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கோயிலைப் பெருக்குகிற பெண் செய்கிறார் என்றே பல ஆண்டுகளாக எண்ணியிருந்தார்.

நம் கொங்கு நாட்டிலேயே கருவூரில் (இன்றைய கரூரில்), ஆனிலைக் கோயில் இறைவனுக்குப் பூத்தொண்டு செய்த சிவகாமியாண்டாரை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. வைகறையில் எழுந்து நீராடி, மூச்சுக்காற்றும் பூவின் மேல் படாதபடி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மலரும் பருவத்துப் பூக்களைப் பறித்துக் கூடையில் நிறைத்துக் கொண்டு போனவர் அவர். மகாநவமிக்கு முதல் நாள் புகழ்ச்சோழரின் பட்டத்து யானை அந்தக் கூடையைப் பறித்துச் சிந்தியதும், அடியாருக்கு இடர் செய்வோரை மழுவால் தண்டிக்கும் எறிபத்த நாயனார் மழுவோடு பாய்ந்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. எனக்கோ அந்த நாளை விட, அதற்கு முந்தைய நாட்களே பெரியவையாகத் தெரிகின்றன. யானை வராமலே இருந்திருந்தால் சிவகாமியாண்டாரின் பெயர் நம் காதுக்கு எட்டியிருக்காது. பூக்கூடை மட்டும் நாள்தோறும் சந்நிதியைச் சேர்ந்திருக்கும். அவருக்கும் அது போதுமானதாகவே இருந்திருக்கும்.

ஒளிவாகச் செய்யும் பணி என்பதற்காக அதை அரைகுறையாகச் செய்துவிடக் கூடாது. கண்காணிப்பவர் இல்லாத வேலையில் கை தானாகவே தளரும். இதற்குப் பூசலார் நாயனாரைப் பாடமாகக் கொள்ளலாம். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் இருந்த அவர், கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். பெரியபுராணம் இதைச் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மனத்தில் கட்டுவதுதானே என்று அவர் ஒரு நொடியில் கட்டி முடித்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்தார், இரவிலும் கண் துஞ்சாமல் அடிநிலை முதல் வரிசை வரிசையாக எழுப்பினார், உச்சியில் தூபி நட்டார், சுதை வேலை செய்தார், கிணறு வெட்டினார், மதில் எடுத்தார், குளமும் தோண்டினார். எவரும் நீர் மொள்ளப் போகாத கிணறு அது. ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை. அந்தக் கோயிலின் குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில், கச்சியில் (காஞ்சிபுரத்தில்) பல்லவ மன்னன் எடுத்த கற்கோயிலுக்கும் குடமுழுக்கு குறித்திருந்தது. இறைவன் மன்னனின் கனவில் வந்து, நாளைக்குத் திருநின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்துக்குப் போகிறோம், உன்னுடைய விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள் என்றார். மன்னன் திருநின்றவூர் வந்து கேட்டபோது, அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றே ஊரார் சொன்னார்கள். மன்னனின் கோயிலை இறைவன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாளைத்தான் மாற்றச் சொன்னார். பெரிய அளவில் ஊரறியச் செய்கிறவர்களை ஏளனமாகப் பார்க்கும் உரிமையை இந்த வரலாறு நமக்குத் தரவில்லை.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணி செய்யப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முடியாதென்றால், பணி செய்த அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எதையும் போடுவதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படம் எடுக்கலாம் என்ற எண்ணம் வந்த அந்த நொடியிலேயே, கொடுப்பவர் நாயகராகிவிடுகிறார், வாங்குபவர் பின்னணியாகிவிடுகிறார். பாதயாத்திரைக் காலத்தில் இது நன்றாகத் தெரியும். தைப்பூசத்திற்கு நடந்து போகிறவர்களுக்கும், பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி கொண்டு போகிறவர்களுக்கும், வழிநெடுகிலும் நீர்மோரும் சோறும் கொடுக்கும் பந்தல்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆயினும் ஊருக்குப் பக்கத்தில் பத்துப் பந்தல்கள் பிளக்ஸ் பேனரோடு நெருக்கியடித்து நிற்க, ஊரைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு குடம் தண்ணீர் கூட இருக்காது. நீங்கள் செய்ய விரும்பினால் அந்த இருட்டுப் பகுதிக்குப் போங்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, சுக்குக் காப்பியும் வெந்நீரும் காலுக்குத் தேய்க்க எண்ணெயும் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். நடந்து களைத்தவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்; குனிந்து தன் பாதத்தைத்தான் பார்ப்பார்.

இவ்வளவு ஒதுங்கி இருந்தாலும் பாராட்டு வரத்தான் செய்யும். வரும்போது அதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதையும் பழக வேண்டும். "நானெல்லாம் ஒன்றும் செய்யவில்லைங்க" என்று பொய்யாக மறுப்பது, இன்னொரு முறை புகழச் சொல்லிக் கேட்பது போலாகிவிடும். பாராட்டியவருக்கு ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு, உண்மையில் உழைத்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள்: சமையல் பிடித்தவர், பாத்திரம் கழுவியவர், வண்டி ஓட்டியவர். பரிவட்டம் உங்கள் குடும்பத்தின் முறையாக இருந்தால் தலை குனிந்து ஏற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் முன்னோருக்கும் சாமிக்கும் உள்ள உறவு. வரிசை மாறிவிட்டது என்று சண்டைக்கு நிற்பதைத்தான் தவிர்க்க வேண்டும். வீடு திரும்புவதற்கு முன் சந்நிதியில் நின்று, "இன்றைக்கு நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னார்கள், அது உன்னுடையது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். மனத்துக்குள் நினைப்பதை விட, வாயால் சொல்லும்போது பாரம் இறங்குகிறது என்பது என் அனுபவம்.

பழி வருகிற நாள் இன்னும் கடினமானது. நாம் செய்ததை இன்னொருவர் தன் பெயரில் சொல்லிக்கொள்ளும்போதும், ஆதாயத்துக்காகத்தான் செய்தான் என்று ஊர் பேசும்போதும், அத்தனையையும் விட்டுவிட்டு ஒதுங்கிவிடத் தோன்றும். அப்படிப்பட்ட நாட்களில் நான் காளிங்கராயன் வாய்க்காலை நினைத்துக்கொள்வேன். 13 ஆம் நூற்றாண்டில், பவானியாறு காவிரியோடு சேர்வதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, அங்கிருந்து ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும்படி அந்த வாய்க்காலை வெட்டினார் கொங்கு நாட்டுத் தலைவரான காளிங்கராயர். இன்றைக்கும் நெல்லும் மஞ்சளும் வாழையும் அந்தத் தண்ணீரில் விளைகின்றன. தன் சுயநலத்துக்காக வெட்டினான் என்ற சொல் வந்துவிடக் கூடாது என்பதற்காக, தானும் தன் வழிவந்தவர்களும் அந்த நீரின் பயனை அனுபவிப்பதில்லை என்று உறுதி கூறி, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது இந்த வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லி வருவது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித்தானே போனார், அதுவும் மனிதர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். நானும் நெடுநாள் அப்படி நினைத்தேன். பேச்சுக்கு மட்டும் அஞ்சியவராக இருந்தால் வாய்க்காலையே பாதியில் நிறுத்தியிருப்பார் என்று இப்போது எண்ணுகிறேன். வேலையை முழுமையாக முடித்துவிட்டு, தண்ணீரை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, தன்னை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். பழி வரும்போது நாம் விட வேண்டியது பணியை அன்று, அந்தப் பணியின் மேல் நமக்கு இருக்கும் பாத்தியதையை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கொடுப்பதை மறைவாகச் செய்யலாம். கணக்கை மறைவாக வைக்கக் கூடாது. நீங்கள் கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்தால், "சாமிக்குத் தெரியும்" என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். வரவையும் செலவையும் நோட்டில் எழுதி, ரசீதுகளை ஒட்டி, மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஊர்ப் பணத்துக்கு ஊருக்குப் பதில் சொல்வதும் சாமிக்குப் பதில் சொல்வதில் அடங்கியதே.

இதையெல்லாம் செய்தாலும், சாமிக்குப் பிடித்திருக்கிறதா என்பதை எப்படி அறிந்துகொள்வது என்று கேட்பவர்கள் உண்டு. பல்லி சொல்வதையும் பூ விழுவதையும் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நான் அவற்றை மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெளிவாகத் தோன்றும் அடையாளம் வேறு. நம்மைப் புகழ்ந்தோ பழித்தோ நமக்கு எதுவும் ஆகப்போவதில்லை என்ற நிலையில் இருப்பவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். தோட்டத்தில் மஞ்சள் வெட்ட வந்தவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கைக்குப் போகிறதா? அவர்கள் குடிக்கும் டம்ளரும் நாம் குடிக்கும் டம்ளரும் ஒன்றுதானா? வீட்டில் படுத்திருக்கும் வயதான தாயின் துணியை மாற்றும்போது முகம் சுளிக்கிறோமா? அன்னதான மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பரிமாறிவிட்டு, களத்து மேட்டில் ஒருவரைக் கூசும்படி பேசினால், அந்த ஆயிரம் இலையையும் நாம் நமக்கே போட்டுக்கொண்டோம் என்றுதான் பொருள். இந்த இடத்தில் என்னை நானே பலமுறை தவறியவனாகக் கண்டிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நாளடைவில், "நான் வெளியில் சொல்லாமல் செய்கிறவன்" என்பதே ஒரு பெருமையாக உள்ளே முளைக்கும். கல்லில் பெயர் வெட்டிக்கொண்டவரைப் பார்த்து மனம் இரக்கப்படுவது போல நடிக்கும். அதற்கு மருந்தாக நான் கண்டது, அடுத்தவர் செய்யும் பணியில் அவருக்குக் கீழே ஆளாக நின்று, அவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்வது. எங்கள் முன்மண்டபக் கல்லை இப்போது நானே ஆடிப்பூரத்துக்கு முன் கழுவுகிறேன். பிழையான அந்த முன்னெழுத்து அப்படியே இருக்கிறது. அதன் பள்ளத்திலும் மற்ற எழுத்துக்களின் பள்ளத்திலும் படிந்த எண்ணெயை ஒரே துணியால் துடைக்கிறேன்.

உடல் ஒத்துழைக்காத காலம் வரும்போது, ஒளிவான பணியை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அப்போது மட்டும் அதை ஒருவரிடம் சொல்லலாம். அந்த மூதாட்டிக்கு முழங்கால் மடங்காமல் போன ஆண்டில், பள்ளிக்கூடம் முடித்துப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, புளிச் சட்டியையும் வேப்பங்குச்சியையும் கையில் கொடுத்தார். நான் அப்போது பக்கத்தில் மாவிளக்குக்கு இடம் மெழுகிக்கொண்டிருந்தேன். "வெள்ளிக்கெழம விடியால நேரமே வந்துரு அம்மணி, ஆளுங்க வர்றதுக்குள்ள மாட்டிப்போடலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண், மரைக்குள் குச்சியை எவ்வளவு ஆழம் விடுவது என்று கேட்டாள்.